அப்பாவுக்கு ஈரலில் புற்றா, இரைப்பையில் புற்றா?

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு மகள் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறவர். குடி, சிகரெட் இல்லை, வெற்றிலை உண்டு. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுக்கிறார். 2009 இல் பட்ட செல் (எறிகணை) துண்டொன்று இன்னும் முதுகில் இருக்கிறது. ஆறேழு மாதமாக நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றிருக்கிறார். 'காஸ்றிக்' என்று பாமசியில் ஒமிப்பிரசோல் வாங்கிப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். 64 கிலோ இருந்தவர் 55 கிலோவுக்கு இறங்கிய பிறகு ஸ்கான் எடுத்தார்கள். ஈரலின் வலப்பக்கத்தில் மூன்றரை சென்ரிமீற்றரில் ஒரு நிழல், குருதியில் ஏ.எவ்.பி. என்ற புரதம் 2,400. 'ஈரல் புற்றுநோய்' என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 8.1 ஆகக் குறைந்திருந்ததால் இன்னொரு வைத்தியர் கமரா விட்டுப் பார்த்தார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண்ணோடு ஒரு வளர்ச்சி. எடுத்த துண்டின் ரிப்போட்டில் 'ஹெப்பற்றோயிட் அடினோகாசினோமா' என்று வந்திருக்கிறது. ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரண்டும் இல்லை.

இப்போது வீட்டில் குழப்பம். ஈரலிலும் இரைப்பையிலும் இரண்டு புற்றா, அல்லது ரிப்போட் மாறிவிட்டதா? 'ஒளிச்சுக் குடிச்சிருக்கிறார்' என்று அயலில் பேசுகிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கிறார். கத்தி பட்டால் புற்று ஓடும் என்று பெரியப்பா ஒப்பரேசனைத் தடுக்கிறார். செல் துண்டால் வந்திருக்குமோ, பிள்ளைகளுக்கும் வருமோ, அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, ரிப்போட் மாறவில்லை. அநேகமாகப் புற்றும் ஒன்றுதான். அது இரைப்பையில் பிறந்த புற்று. ஈரலின் சாயலில் வளர்ந்திருக்கிறது. 'ஹெப்பற்றோயிட்' என்பதற்கு 'ஈரலைப் போன்ற' என்றுதான் பொருள். 'ஈரலில் உள்ள' என்று அதை வாசித்த இடத்தில்தான் உங்கள் வீட்டுக் குழப்பம் தொடங்கியிருக்கிறது.

தாயின் வயிற்றில் கரு நாலு கிழமை அளவில் இருக்கும்போது, முன்குடல் என்ற ஒரே குழாயிலிருந்துதான் இரைப்பையும் உருவாகிறது, ஈரலும் மொட்டு விடுகிறது. ஒரு தாய் பிள்ளைகள் என்று வையுங்கள். பல வருடம் கழித்து இரைப்பைக் கலம் ஒன்று புற்றாக மாறும்போது, சிலரில் அந்தப் பழைய வழி திறந்துகொள்கிறது. ஈரல் கலத்தின் உருவத்தை எடுக்கிறது, கருவிலிருக்கும் பிள்ளையின் ஈரல் சுரக்கிற அல்பா பீற்றோ புரோட்டீனையும் சுரக்கிறது. நீங்கள் எழுதிய ஏ.எவ்.பி. அதுதான். ஜப்பானிய நோயியல் நிபுணர்கள் 1985 இல் இதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். இரைப்பைப் புற்று உள்ள நூறு பேரை எடுத்தால் ஒருவருக்குக்கூட இது இருக்காது. ஆகவே முதலில் பார்த்தவர் ஈரலை நினைத்ததில் பெரிய தவறு இல்லை. ஈரலில் நிழலும் ஏ.எவ்.பி. உயர்வும் சேர்ந்து வந்தால் யாருடைய மனமும் முதலில் அங்கேதான் போகும்.

ஆனால் அந்தப் பெயரிலேயே நின்றிருந்தால் வைத்தியம் பிழையாகப் போயிருக்கும். ஈரலில் பிறந்த புற்றுக்கு அந்த இடத்தைச் சுட்டு அழிப்பது, ஈரலுக்குப் போகும் நாடிக்குள் மருந்தைச் செலுத்தி அடைப்பது, சொராபெனிப் போன்ற குளிசைகள் என்று ஒரு பாதை. இரைப்பைப் புற்றுக்குப் பாதை வேறு. ஈரலை மட்டும் வைத்தியம் செய்துகொண்டிருந்தால், இரைப்பைப் புண் தன் பாட்டில் குருதி வடித்துக்கொண்டே இருக்கும். புற்றுக்கு வைத்தியம் தீர்மானிப்பது அது பிறந்த இடம். போய்க் குந்திய இடமோ போட்ட வேடமோ அல்ல.

உங்கள் கையில் உள்ள மூன்று செய்திகள்

அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். முதலாவது, இரைப்பையில் புற்று இருக்கிறது. துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தது, உறுதி. இரண்டாவது, ஏ.எவ்.பி. 2,400. அளந்த எண், அதுவும் சரி. மூன்றாவது, ஈரலில் ஒரு நிழல். அதிலிருந்து இன்னும் யாரும் துண்டெடுக்கவில்லை. ஏ.எவ்.பி. கூடியிருப்பதால் அந்த நிழலும் புற்றுத்தான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருக்கிறீர்கள். இரைப்பையில் உள்ள வளர்ச்சியே அவ்வளவு ஏ.எவ்.பி.யையும் சுரக்க முடியும் என்பதைக் கணக்கில் எடுத்தால், அந்த முடிவு தளர்ந்துவிடும்.

இந்த வகைப் புற்று ஈரலுக்கு விரைவாகப் பரவக்கூடியது. ஆகவே நிழலும் பரவலாக இருக்கவே வாய்ப்புக் கூட. ஆனால் குருதிக்குழாய்க் கட்டி என்ற தீங்கில்லாத ஒன்றும் சாதாரண ஸ்கானில் நிழலாகத்தான் தெரியும். அது அப்படியான ஒன்று என்றால், உங்கள் அப்பா இரைப்பையை வெட்டிக் குணமாக்க முயலக்கூடிய நோயாளி. பரவல் என்றால் பேச்சு வேறு. இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரு நிழலில் தொங்குகிறது. அதனால்தான் அடுத்து எடுக்கும் ஸ்கானைச் சரியாக எடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டியது நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்குமான சி.ரி. ஸ்கான்; ஈரலை மருந்தேற்றி மூன்று கட்டமாகப் படம் பிடிப்பது. மருந்து நாடியில் இருக்கும்போது ஒன்று, ஈரலுக்குக் குருதி கொண்டுபோகும் வாயில் நாளத்துக்கு வந்ததும் ஒன்று, பிறகு ஆறவிட்டு ஒன்று. அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சீரம் கிரியற்றினின் பார்க்க வேண்டும். வன்னியில் சிறுநீரக நோய் சத்தமில்லாமல் இருக்கிற இடங்கள் உண்டு. சீனி வருத்தமும் சேர்ந்தவருக்கு இதை விட்டுவிடக் கூடாது. மெற்போமின் எடுக்கிறார் என்பதை ஸ்கான் அறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுநீரகம் குறைவாக வேலை செய்தால் அந்தக் குளிசையை இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

செல் துண்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால் இரைப்பையில் புற்று வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் ஈரல் நிழலைத் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதினால், துண்டு இருப்பது மிக முக்கியமான செய்தி. அந்த மெசின் ஒரு பெரிய காந்தம். உள்ளே இருக்கும் இரும்பு அசையலாம், சூடாகலாம். முள்ளந்தண்டுக்கோ பெரிய குழாய்க்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்றே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்த்துக் கதிர்ப்பட நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும். வெளிமாவட்ட ஆஸ்பத்திரிகளில் எல்லோருக்கும் இதைக் கேட்கத் தோன்றாது. கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். சி.ரி. ஸ்கானுக்கு இந்தத் தடை இல்லை. துண்டுக்குப் பக்கத்தில் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான்.

ரிப்போட்டில் இன்னும் வேண்டியவை

நுணுக்குக்காட்டியில் இந்தப் புற்றுக் கலங்களும் ஈரல் புற்றுக் கலங்களும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துக் காட்டுவது சாயப் பரிசோதனைகள். ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1, கிளிப்பிக்கன்-3 என்பவை இரண்டிலும் ஏறலாம், ஆகவே அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சால்-4, சீ.டி.எக்ஸ்.-2, சைற்றோகெரற்றின் 19, 20 என்பவை ஏறினால் இரைப்பைப் பக்கம் தராசு சாயும். உங்கள் அப்பாவில் ஈரல் சுருங்கவில்லை, ஹெப்பற்றைற்றிஸ் இல்லை, இரைப்பைக்குள்ளேயே புண் இருக்கிறது. இவையும் அதே பக்கம் நிற்கும் சாட்சிகள்.

ரிப்போட்டில் சாயங்களின் பெயர் இல்லாவிட்டால், செய்தார்களா என்று கேளுங்கள். கூடவே புற்றுக் கலங்களில் பார்க்கும் ஹெர்-2 ஒன்று, எம்.எஸ்.ஐ. அல்லது எம்.எம்.ஆர். ஒன்று, இந்த இரண்டு பரிசோதனைகளையும் கேளுங்கள். இவை நோயின் பெயரைச் சொல்ல அல்ல, மருந்தைத் தெரிவுசெய்ய. ஹெர்-2 மூன்று பிளஸ் என்றால் கீமோவோடு ட்ரஸ்ரூசுமாப் என்ற மருந்தைச் சேர்க்கலாம். அதற்கு முன் இருதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். இரண்டு பிளஸ் என்றால் இன்னொரு பரிசோதனை செய்தால்தான் தெரியும். பூச்சியமும் ஒன்றும் என்றால் அந்த மருந்து வேண்டியதில்லை. யாராவது காசுக்கு வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கமராவில் எடுப்பது அரிசி மணியளவு துண்டுகள். இந்தப் புற்றில் ஒரு பக்கம் ஈரல் சாயலும் மறுபக்கம் சாதாரண இரைப்பைப் புற்றும் கலந்திருப்பது வழக்கம். வேறொரு ஆய்வுகூடத்தில் இன்னொரு துண்டைப் பார்த்து 'அடினோகாசினோமா' என்று மட்டும் எழுதினால், இரண்டும் முரண் என்று பதற வேண்டாம்.

கத்தி பட்டால் ஓடுமா?

பெரியப்பா சொல்வதற்குப் பின்னால் ஒரு அனுபவம் இருக்கும். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிய ஆட்கள் ஒன்றிரண்டு மாதத்தில் போனதை எங்கள் ஊர்களில் பலர் கண்டிருக்கிறார்கள். அங்கே புற்றை ஓடவைத்தது கத்தியுமல்ல, காற்றுமல்ல. திறக்கும்போதே நோய் பரவியிருந்தது. நல்ல ஸ்கான் இல்லாத காலத்தில் திறந்துதான் அதைக் கண்டார்கள்.

ஆனாலும் முதலில் ஒப்பரேசன் வேண்டாம் என்ற பெரியப்பாவின் முடிவு, காரணம் பிழையாக இருந்தாலும், உங்கள் அப்பாவில் சரியாக வரக்கூடும். ஈரல் நிழல் பரவல் என்று உறுதியானால் கீமோதான் முதலில். அப்படிப் பரவியவர்களில் இரைப்பையை முதலில் வெட்டிவிட்டுக் கீமோ கொடுப்பதால் ஆயுள் கூடுமா என்று ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் நாடுகளில் 175 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2016 இல் வந்த அந்த முடிவின்படி, கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட வெட்டியவர்கள் கூடுதலாக வாழவில்லை. சாதாரண இரைப்பைப் புற்றில் செய்த ஆய்வு அது. உங்கள் அப்பாவின் வகை அரிது என்பதால் அதற்கென்று பெரிய ஆய்வுகள் கிடையாது. இரைப்பைப் புற்றின் வழியைத்தான் இதற்கும் பின்பற்றுகிறோம். குருதி நிற்காமல் ஓடினால், அடைத்துக்கொண்டால், ஓட்டை விழுந்தால் மட்டும் கத்தி முந்தும்.

இரண்டு மூன்று மாதக் கீமோவுக்குப் பிறகு மறுபடி ஸ்கான் எடுத்து, ஈரலில் அந்த ஓரிடம் மட்டும்தான், அதுவும் சுருங்கியிருக்கிறது, புதிதாக எங்கும் இல்லை என்றால், இரைப்பையையும் ஈரலில் அந்தப் பகுதியையும் எடுப்பதைப் பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் யோசிப்பார்கள். எல்லோருக்கும் கிடைக்கிற வாய்ப்பு அல்ல அது. பரவல் இல்லை என்று தெரிந்தால் கதை முழுக்க மாறும்: அனேகமாக முன்னும் பின்னும் கீமோ கொடுத்து, நடுவில் இரைப்பையையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள்.

இந்தப் புற்று சாதாரண இரைப்பைப் புற்றைவிட முரடு. ஈரலுக்குப் போயிருந்தால் முழுதாகக் குணமாக்குவது அரிது. நாட்களைக் கூட்டுவதும், அந்த நாட்களில் அவர் சாப்பிட்டு நடமாட வைப்பதும்தான் வைத்தியத்தின் நோக்கமாக இருக்கும். எத்தனை மாதம் என்ற எண்ணை ஸ்கான் முடியாமல் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கீமோ என்றால் என்ன செய்வார்கள்

பல இடங்களில் கொடுப்பது ஒக்சலிபிளாற்றின் ஊசியும் கப்பெசிற்றபின் குளிசையும். ஊசி 21 நாளுக்கு ஒரு தடவை, உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 130 மில்லிகிராம். குளிசை காலை மாலை இரண்டு வேளை, வேளைக்குச் சதுர மீற்றருக்கு 1,000 மில்லிகிராம். 14 நாள் போட்டு 7 நாள் ஓய்வு. உங்கள் அப்பாவின் நிறைக்கு உடற்பரப்பு 1.6 சதுர மீற்றர் அளவில் வரும். ஆகவே 500 மில்லிகிராம் குளிசையில் வேளைக்கு மூன்று என்ற கணக்கு வரலாம். சிறுநீரகம் பலவீனமென்றால் குறைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு, எங்களுக்கு மூன்றா என்று ஒப்பிடாதீர்கள். குளிசையைச் சாப்பிட்டு அரை மணிக்குள் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ அரைக்கவோ கூடாது.

ஒக்சலிபிளாற்றின் ஏற்றிய பிறகு சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகுவதுபோல இருக்கும். விடியக் கிணற்றுத் தண்ணீரில் கை வைத்தாலும் மின்சாரம் அடிப்பதுபோல விறைக்கும். சுடுதண்ணீர் கலந்துகொடுங்கள். சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைப்பு ஏற்கெனவே இருக்கலாம். இந்த மருந்து அதைக் கூட்டும். பொத்தான் போட முடியவில்லை, செருப்புக் கழன்றது தெரியவில்லை என்று சொல்லத் தொடங்கினால் அடுத்த ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். பொறுத்துக்கொண்டிருந்தால் அந்த விறைப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது காய்ச்சல். ஊசி போட்டு ஏழு முதல் பதினாலு நாளுக்குள் வெண்குருதிக் கலங்கள் குறையும். அப்போது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் பனடோல் போட்டு விடியும்வரை பார்ப்பது கூடாது. பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கிட்ட உள்ள ஆஸ்பத்திரியின் ஈ.ரி.யூ.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) போய், 'கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்' என்ற இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். இரவென்றால் 1990 அம்புலன்சைக் கூப்பிடலாம், அதற்குக் காசில்லை. தெர்மோமீற்றர் ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். வயிற்றோட்டம் வழக்கத்தைவிட நாலு தடவை கூடினால் கப்பெசிற்றபினை அன்றே நிறுத்திவிட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள்.

ஏ.எவ்.பி.யை எப்படி வாசிப்பது

2,400 என்ற எண் உங்கள் வீட்டில் எல்லோரையும் உலுக்கியிருக்கிறது. அதனால் இப்போதைக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: வைத்தியம் வேலை செய்கிறதா என்று காட்டும் அளவுகோல் அது. குருதியில் உள்ள ஏ.எவ்.பி. ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகும். சுரக்கும் இடம் முழுவதையும் எடுத்துவிட்டால் 2,400, 1,200, 600 என்று இறங்கி, நாற்பது நாளளவில் பத்துக்குக் கீழே வர வேண்டும். பாதியில் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். கீமோவில் இவ்வளவு ஒழுங்காக இறங்காது. தொடக்கத்தில் கலங்கள் உடைவதால் சற்று ஏறுவதும் உண்டு. ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அழாதீர்கள், மூன்று நாலு எண்களின் போக்கைப் பாருங்கள்.

எல்லா முறையும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். சில இடங்களில் நனோகிராம் கணக்கில் தருவார்கள், சில இடங்களில் சர்வதேச அலகில். ஒரு அலகு ஏறக்குறைய 1.2 நனோகிராம். அலகைப் பார்க்காமல் வெறும் எண்ணை ஒப்பிட்டால், ஒன்றும் நடக்காமலே நோய் குறைந்ததாகவோ கூடியதாகவோ தெரியும். கிழமைக்கொரு தடவை காசு கொடுத்து எடுக்கவும் தேவையில்லை.

சென்னையா, தெல்லிப்பழையா?

அண்ணாவின் அவசரம் அன்பால் வருவது. ஆனால் கீமோ ஒருநாள் வேலையல்ல. மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஆறு மாதமளவு. பத்தாம் நாள் இரவு காய்ச்சல் வரும்போது லொட்ஜில் யார் இருப்பார்கள்? நான் மேலே சொன்ன கீமோ மருந்துகள் இங்கேயும் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கொடுக்கப்படுபவை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் உங்களுக்கு எட்டுகிற தூரம். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் சேர்ஜிக்கல் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

இன்னொரு அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை. வைத்தியர் கோபிப்பார் என்று தயங்க வேண்டாம். ஆனால் அதற்கு அப்பாவை விமானத்தில் ஏற்றத் தேவையில்லை. பயொப்சித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதை பிளாக் என்பார்கள். அந்த பிளாக்கையும் ஸ்லைட்டுகளையும் கடிதம் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். சி.ரி. படங்களை சி.டி.யில் கேளுங்கள்; ரிப்போட்டுத் தாள் மட்டும் போதாது. இவை கொழும்புக்கோ சென்னைக்கோ போனால் போதும். பிளாக் ஒன்றுதான் இருக்கும். வெயிலில் காரின் டாஷ்போட்டில் வைத்து உருகவிட்டு வராதீர்கள்.

ஈரலையும் சேர்த்து வெட்டலாம் என்ற கட்டம் வந்தால், அப்போது பெரிய நிலையங்களுக்குப் போவதைப் பற்றிப் பேசுவோம். அண்ணா அனுப்பும் காசை அதுவரை வைத்திருங்கள். இங்கே கிடைக்காத பரிசோதனைக்கும், தெல்லிப்பழைக்குப் போய்வரும் வாகனத்துக்கும், முட்டைக்கும் மீனுக்கும் அது வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். செலவு செய்த பிறகு ஓடாமல் முதலே விசாரியுங்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவின் கீழ்க்காய்நெல்லியைப் பற்றி. மஞ்சட்காமாலைக்கு எங்கள் ஆட்கள் தலைமுறையாகக் கொடுத்துவந்தது. அம்மா ஈரல் என்று கேட்டதும் அதைத் தேடிப்போனதில் வியப்பில்லை. ஆனால் அப்பாவின் நோய் ஈரலில் தொடங்கியதல்ல. இந்தப் புற்றை அது குறைத்ததற்குச் சான்றும் கிடையாது. கீமோ தொடங்கினால் நிறுத்துங்கள். ஈரல் பரிசோதனை எண்கள் ஏறினால் மருந்தாலா, இலையாலா, நோயாலா என்று பிரிக்க முடியாமல் கீமோவே தள்ளிப்போகும். பெட்டியில் வரும் பெயரில்லாச் சூரணங்கள் அதைவிட மோசம். என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. ஒன்பது கிலோ குறைந்த உடம்பு கீமோவைத் தாங்காது. நாளுக்கு ஆறு தடவை, சிறிது சிறிதாக. 55 கிலோக்காரருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 கிராம் புரதம் வேண்டும்; ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. வெறும் அரிசிக் கஞ்சியைவிட மீன் போட்ட ஒடியற் கூழ், அவித்த பயறு, குளத்து மீன், பால், முட்டை. கிழமைக்கு ஒரு நாள் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். முதல் நாள் சாப்பிட்டது அடுத்த நாள் அப்படியே சத்தியாக வந்தால் இரைப்பையின் வாசல் அடைபடுகிறது, அன்றே காட்டுங்கள். மலம் தார்போலக் கறுப்பாக, நாறிப் போனாலும் அப்படித்தான். இரும்புக் குளிசை தொடங்கிய பிறகு கறுப்பது வழக்கம். அது ஒட்டாது, அப்படி நாறாது. மூட்டுவலிக்கு டைக்குளோபெனக் கொடுக்க வேண்டாம், புண்ணிலிருந்து குருதியைக் கிளப்பிவிடும்.

பிள்ளைகளுக்கு இது பரம்பரையாக வருகிற வகை என்று தெரியவில்லை. ஒரே கோப்பையில் சாப்பிட்டால் புற்று தொற்றாது. ஹெலிகோபக்றர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி குடும்பத்துக்குள் பரவும், இரைப்பைப் புற்றுக்குப் பொதுவாக ஒரு காரணமும் அதுதான். நீங்களும் சகோதரங்களும் அதைச் சோதித்து, இருந்தால் இரண்டு கிழமை மருந்தெடுப்பது நல்லது. அயலுக்கும் ஒரு பதில் இருக்கிறது: இது குடிகாரரின் ஈரல் நோய் அல்ல. குடிக்காதவருக்கு அந்தப் பழி வேண்டாம்.

அப்பாவுக்குச் சொல்லலாமா?

உங்கள் கடிதத்தில் 'அவருக்கு ஒன்றும் தெரியாது' என்ற வரிக்குக் கீழே, 'இந்த முறை காலபோகத்துக்கு வயலைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியும், தங்கச்சி. தெரியாவிட்டாலும் தெல்லிப்பழை என்று சொல்லி பஸ் ஏறும்போது தெரிந்துவிடும்.

கீமோவுக்குச் சம்மதக் கையெழுத்து அவர்தான் வைக்க வேண்டும். என்ன என்று தெரியாமல் வைக்கும் கையெழுத்துச் செல்லாது. அதைவிட, நோயை மறைத்து மருந்து கொடுத்தால், பத்தாம் நாள் காய்ச்சலை அவர் 'சும்மா காய்ச்சல்' என்று உங்களிடமும் மறைப்பார். வீட்டில் பின்னேரம், ஆட்கள் வந்துபோகாத நேரமாகப் பாருங்கள். 'வைத்தியர் என்ன சொன்னதென்று விளங்கிச்சுதோ அப்பா?' என்று முதலில் அவரைக் கதைக்க விடுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். இரைப்பையில் புற்று, அதற்கு மருந்து இருக்கிறது, ஸ்கான் பார்த்த பிறகு மிச்சம் சொல்வோம் என்பது முதல் நாளுக்குப் போதும். ஏ.எவ்.பி. எண்ணை அவருக்குச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்களுக்கு வாய் வராவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், அவர் வயலுக்குப் போகலாமா என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போகலாம், வரப்பு வரைக்கும். கீமோக் காலத்தில் சேற்றில் இறங்கக் கூடாது. கப்பெசிற்றபின் உள்ளங்காலைச் சிவக்க வைத்து வெடிக்கச் செய்யும். விறைத்த காலுக்கு முள் குத்தினது தெரியாது. வயல் தண்ணியில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். மூடின செருப்போடு விடியவோ பின்னேரமோ வரப்பில் நின்று, தம்பி எப்படித் தண்ணி கட்டுகிறான் என்று பார்த்துப் பேசிவிட்டு வரட்டும்.